தண்ணிக் கமலம்

காட்டுப்பாக்கத்துக் கட்டட வேலைக்காரர்கள் கமலத்துக்கு ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர் ஒட்டகம். வைத்தவர் நடேசன் மேஸ்திரி. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில்கூட, காலையில் ஒரு டீ குடித்துவிட்டுக் கலவை சுமக்கும் இரும்புப் பாண்டைத் தலையில் ஏற்றினாள் என்றால், சாயங்காலம் கை கால் கழுவும்வரை அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. மற்ற மேஸ்திரிகளிடம் அவர் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

"எங்க கமலம் கீதே, அது ஒட்டகம்பா. தண்ணியும் கேக்காது, நெயலும் கேக்காது."

கமலம் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பதற்குக் கிடைத்த பட்டமாகத்தான் அவளுக்கு அது பட்டது.

கல்யாணமாகி வந்த புதிதில் சித்தாளாகச் சேர்ந்தவள் அவள். மணல் சுமந்தாள், ஜல்லி சுமந்தாள், கலவை சுமந்தாள். பூந்தமல்லியிலிருந்து போரூர் போகும் சாலையில் இன்று நெருக்கியடித்து நிற்கும் வீடுகளில் பலவற்றின் மேல்தளம் அவள் தலை வழியாகத்தான் மேலே போனது. வருஷங்கள் போகப் போக, தளம் போடுவதற்கென்றே அவளுக்குக் கீழே ஒரு செட்டு சேர்ந்தது. பெண்கள் பாதிக்கு மேல், ஆண்கள் மிச்சம். தளம் போடுவது மற்ற வேலை மாதிரி இல்லை. தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பாதியில் விட்டால் போட்டது இறுகிவிடும். மறுநாள் அதன்மேல் ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டில்தான் மழைத் தண்ணீர் ஒழுகும். ஆகவே அந்த ஒரு நாளைக்கு ஆள் யார் என்பது மேஸ்திரிகளுக்கு முக்கியம். நடேசனுக்குத் தளம் என்றால் கமலம் செட்டுதான்.

அவள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் ஒட்டகத்துக்கு இருப்பது போன்ற வரமல்ல. குடித்தால் போக வேண்டும். போக இடம் கிடையாது. ஆண்கள் எந்தச் சுவரோரமும் ஒதுங்கிக்கொள்வார்கள். முன்பெல்லாம் பெண்களுக்குப் பக்கத்தில் ஏதாவது காலி மனை இருக்கும், முள்செடி மறைவு இருக்கும். அந்த மனைகளெல்லாம் வீடாகிவிட்டன. கட்டியதும் இவர்களேதான். இப்போது திரும்பின பக்கமெல்லாம் மாடி ஜன்னல், காம்பவுண்டுச் சுவருக்குச் சுவர் கேமரா. செட்டில் இருந்த பெண்கள் எல்லாருமே இந்தக் கணக்கைத் தங்களுக்குள் போட்டுவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டு வேலை செய்தார்கள். யாரும் யாரிடமும் இதைப் பேசியதில்லை.

போன வருஷம் கத்திரி வெயிலில் அது நடந்தது. இரண்டாவது மாடித் தளம். காலையிலேயே அனல் வீசியது. மதியத்துக்குள் கமலத்தின் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. உதறிவிட்டுத் தொடர்ந்தாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. முந்தானையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு தொடர்ந்தாள். பக்கத்தில் நின்ற வேம்புலியம்மாள்தான் முதலில் கவனித்தாள். செட்டில் மூத்தவள் அவள். கமலத்தோடு ஆதியிலிருந்து வேலை செய்கிறவள்.

"அடியே, உனுக்கு வேர்வையே காணோமேடி. காஞ்சி போய் கீது கை."

"அதான் நல்லது. புடவ நனையாது," என்றாள் கமலம். சொன்ன வார்த்தை அவள் காதிலேயே குழறலாக விழுந்தது. அடுத்த பாண்டை வாங்க நீட்டிய கை எங்கேயோ போயிற்று. படிக்கட்டின் வளைவில் சரிந்து விழுந்தாள்.

வேம்புலியம்மாளும் ஜமீலாவும் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு, பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜமீலா செட்டிலேயே இளையவள். வழி நெடுக அவள் பாட்டில் தண்ணீரைக் கமலத்தின் நெஞ்சிலும் கழுத்திலும் ஊற்றிக்கொண்டே வந்தாள்.

கமலத்துக்கு நினைவு தெளிந்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற டாக்டரின் பெயர் சுவேதா என்று நர்ஸ் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது. மகள் வயசுதான் இருக்கும்.

"காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

"நான் வேலையில தண்ணியே குடிக்க மாட்டேன் டாக்டரம்மா," என்றாள் கமலம். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஏன் குடிக்க மாட்டீங்க?"

இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவர் கேட்டதே இல்லை. கமலம் மெதுவாகச் சொன்னாள்: "குடிச்சா எங்க போயி குந்தறது?"

டாக்டர் அவள் கையில் ஏறும் குளுக்கோஸைச் சரிபார்த்தார். சிறுநீரகம் சிரமப்பட்டிருக்கிறது, இந்தத் தடவை தப்பித்துவிட்டீர்கள், இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்னாலும் தைரியம் சொல்ல முடியாது என்று விளக்கினார். வேலைக்குப் போவதற்கு முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடிக்க வேண்டும். வேர்வையில் உப்பும் போகிறது, அதனால் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாக ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டாலும் ஆகாது. இடையில் உப்புப் போட்ட மோர், கஞ்சி, எலுமிச்சைச் சாறு எதுவாவது வேண்டும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

"இதெல்லாம் நான் சொல்லிடலாம்," என்றார் டாக்டர் எழுந்துகொண்டே. "ஆனா நீங்க கேட்டீங்களே, அதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா. அதை நீங்கதான் எப்படியாவது பாக்கணும்."

வீடு திரும்பிய மறுநாள் செட்டுப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஆர்லிக்ஸ், சாத்துக்குடி, அழுகை எல்லாம் முடிந்தது. கமலம் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். சிறுநீரின் நிறத்தைப் பற்றிச் சொன்னபோது எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஜமீலா மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவள் வாசற்படியில் நின்றாள்.

"அக்கா, எனுக்கு மாசா மாசம் நீர்க்கடுப்பு வருது. எரிஞ்சி எரிஞ்சி போவுது. ஊட்ல சொல்ல வெக்கமா கீது. மாத்திர வாங்கிப் போட்டுகினு வந்துகினு கீறேன்."

"எத்தினி நாளாடி?"

"உங்க செட்ல சேந்ததுலேர்ந்தே."

கமலத்துக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் சேர்ந்த முதல் வாரத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது, 'இன்னாடி, வேல செய்ய வந்தியா, குடிச்சிகினே நிக்க வந்தியா' என்று கேலி செய்தது யார்? தான் குடிக்காமல் இருந்ததோடு நிற்கவில்லை. தன்னைப் பார்த்து ஒரு செட்டே வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒட்டகம் என்ற பெயர் அவளுக்கு அன்றைக்குக் கசந்துபோயிற்று.

உடம்பு தேறியதும் நேராக நடேசன் மேஸ்திரியிடம் போனாள். அவர் ஒரு புது வேலையின் வாசலில் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்.

"வா கமலம். உடம்பு தேவலாமா? இந்தத் தளத்துக்கு உன்னத்தான் நெனச்சிகினு கீறேன்."

"வரேன் மேஸ்திரி. ரெண்டே ரெண்டு வேணும். நெயல்ல ஒரு டிரம்மு நல்ல தண்ணி. பொம்பளைங்களுக்குக் கதவு வெச்ச ஒரு கக்கூஸ்."

நடேசன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இன்னா பேசற நீ? ஊட்டுக்காரனே இன்னும் கக்கூஸ் கட்டல. சித்தாளுக்குக் கட்டுவானா? நாலு மணிநேரம் அடக்கிக்க முடியாதா?"

"நாலு மணிநேரமா? காலைலேர்ந்து பொழுது சாயற வரிக்கும் மேஸ்திரி. தளம் போட்டதும் பாத்தி கட்டி வாரக்கணக்குல தண்ணி நிறுத்தறியே, எதுக்கு? காஞ்சா வெடிச்சிடும்னுதானே? அதப் போட்டவ காஞ்சா?"

"சும்மா எதுனா பேசாத கமலம். வரியா, வல்லியா?"

"வல்ல."

சொல்லிவிட்டு நடந்தாள். தெரு முனைவரை முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. திரும்பினதும் கைவிட்டுப் போகும் கூலியைக் கணக்குப் போட ஆரம்பித்தாள். நடேசன் அந்தத் தளத்துக்கு வேறு செட்டைக் கூப்பிட்டுக்கொண்டார். அதற்கடுத்ததற்கும் அப்படியே. செட்டில் முணுமுணுப்புக் கிளம்பியது. வேம்புலியம்மாளே ஒருநாள் குழாயடியில் கேட்டுவிட்டாள்.

"ஊர்ல எந்த சித்தாளுக்குடி கக்கூஸ் கட்டிக் குடுத்தான்? அவன் கட்டி நீ போறதுக்குள்ள நம்ம காலம் பூடும்."

அந்தக் கேள்வி கமலத்தை வீடுவரை துரத்தியது. சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எதிரே அவள் புருஷன் எத்திராஜ். மண்ணூர்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் வெல்டிங் வைத்தவர். பார்வை மங்கியதால் நின்றுவிட்டு, இப்போது வீட்டை ஒட்டிய சின்னக் கொட்டகையில் கேட், கிரில் என்று கிடைத்ததைச் செய்கிறார். பேச்சு குறைவு.

"யோவ்," என்றாள் கமலம் திடீரென்று. "அவன் இன்னாத்துக்குக் கட்டணும்? ஊர் பூரா ஊடு கட்னவ நானு. எனுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக்கத் தெரியாதா?"

எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"வேலைக்கு வேல தூக்கினு போற மாதிரி வேணும். மடக்கணும். கலவ மெஷின் வர்ற வண்டியிலேயே ஏத்தணும். முடியுமா?"

"கூரை வேணுமா?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"பின்ன? சுத்தியும் மாடி ஊடு."

அவர் கையைக் கழுவிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். பழைய கிரில் கம்பிகளும் உடைந்த கேட் ஒன்றும் கிடந்தன. அடுத்த சில நாட்கள் அங்கே பொறி பறந்தபடி இருந்தது. கீல் வைத்து மடங்கும் மூன்று பக்கச் சட்டம், அதில் தகரம். மேலே தூக்கி மாட்டும் கூரை. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அதையும் எண்ணெய் விட்டு விரலால் தள்ளினால் நகரும்படி செய்திருந்தார். கீழே ஒரு பீங்கான், அதிலிருந்து ஒரு குழாய். தளம் போடும் கட்டம் வருவதற்குள் பெரும்பாலும் செப்டிக் டேங்க் கட்டி முடித்திருப்பார்கள். குழாயை அதில் இறக்கிவிட்டால் ஆயிற்று. அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பொருத்துவது கமலத்தின் பொறுப்பு. உள்ளே ஒரு வாளி, ஒரு மக்கு, துணி மாட்ட ஒரு ஆணி. ஆணி ஜமீலாவின் யோசனை.

முதல் முறையாக அதைக் கொண்டுபோனது ஒரு சின்ன மேஸ்திரியின் வேலைக்கு, ஒரு மாடி வீடு. அவருக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை, அதனால் தடையும் சொல்லவில்லை. மெஷினுக்குப் பூ சுற்றிக் கற்பூரம் காட்டுவதற்கு முன்பே கமலம் அந்தத் தகர அறையை நிறுத்தினாள். கதவைத் திறந்து காட்டினாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் போவது என்று வெட்கம்.

வேம்புலியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நகருங்கடி. வயசுல பெரியவ நான்." உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் மட்டும் வழக்கம்போல: "காத்து சோக்கா வருது. எத்திராஜுகிட்ட சொல்லி ஒரு பேன் போடச் சொல்லு."

அடுத்தது தண்ணீர். அதற்கும் ஆள் வேண்டும் என்பது முதல் நாளிலேயே தெரிந்துபோயிற்று. டிரம்மை நிழலில் வைத்தால் மட்டும் போதவில்லை. தலையில் பாண்டு இருக்கும்போது யாரும் வரிசையை விட்டு வரமாட்டார்கள். தாகம் எடுத்து, நாக்கு வறண்டு, பிறகு ஓடிவந்து ஒரு சொம்பை மடக்மடக்கென்று கவிழ்த்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி போவார்கள். ஆளிடம் தண்ணீர் வர வேண்டும். எத்திராஜ் தானாகவே முன்வந்தார்.

"நான் வரேன். கொட்டாயில குந்திகினு ஈ ஓட்றதுக்கு இது தேவல."

இப்படித்தான் செட்டுக்கு ஒரு முறை ஏற்பட்டது. வேலைக்கு இறங்குமுன் ஆளுக்கு ஒரு சொம்பு. பிறகு எத்திராஜ் தோளில் கேனும் கையில் டம்ளர்களுமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒருவர் குடிக்கும்போது அடுத்தவர் அவர் பாண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வார், வரிசை நிற்காது. பதினோரு மணி வாக்கில் கேழ்வரகுக் கூழ், உப்பும் மோரும் தாராளமாக ஊற்றி. மதியத்துக்கு மேல் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை. வேண்டாம் என்று தலையாட்டினாலும் எத்திராஜ் நகரமாட்டார். டம்ளரை நீட்டியபடியே நிற்பார். அவர் பேசாமல் நிற்பது திட்டுவதைவிட மோசம் என்று ஆண்களும் குடித்துவிடுவார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? அம்பத்தூர்வரை செய்தி போயிற்று. 'தண்ணி' என்றால் இங்கே வேறு அர்த்தமும் உண்டு. தகர அறையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வேறு செட்டு ஆட்கள் கத்துவார்கள்: "தோ பார்றா, தண்ணிக் கமலம் போவுது! புருசனே ஊத்திக் குடுக்கறானாம் மாமே!" எத்திராஜ் ஆயுசில் சாராய வாசனை அறியாதவர். அவர் காது சிவக்கும். கமலம் ஒருநாள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"ஆமாம்பா, தண்ணிக் கமலம்தான். உங்க செட்டு பொம்பளைங்களையும் இட்டுகினு வா. கதவு தெறந்துதான் கீது."

டீக்கடை ஆட்கள் டம்ளருக்குள் குனிந்துகொண்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சில மாதங்களில் கமலம் ஒன்றைக் கவனித்தாள். மதியத்துக்கு மேல் வேலை தொய்வதில்லை. முன்பெல்லாம் இரண்டு மணிக்கு மேல் ஆளுக்கு ஆள் எரிந்து விழுவார்கள், கை நழுவும், பாண்டு காலில் விழும். இப்போது மூன்று மணிக்குக்கூட வேம்புலியம்மாள் வாயடித்துக்கொண்டிருந்தாள். தகர அறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் அவள் நிறத்தை உரக்க அறிவிப்பாள்: "இன்னிக்கு எனுக்கு எளநி கலருடி!" ஜமீலா நீர்க்கடுப்புக்கு ஒழுங்காக வைத்தியம் பார்த்துக்கொண்டாள். மாத்திரை வாங்கிப் போடுவது நின்றேபோயிற்று. முகத்தில் தெளிவு வந்தது.

இந்த வருஷம் மறுபடி கத்திரி பிறந்தபோது நடேசன் மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். காட்டுப்பாக்கத்தில் ஒரு குறுகலான சந்து. மூன்றாவது மாடித் தளம், பெரிய தளம். கலவை லாரி சந்துக்குள் நுழையாது. சின்ன மெஷினும் ஆளும் வைத்துத்தான் போட வேண்டும். இரண்டு செட்டுகளைக் கேட்டிருக்கிறார். இந்த வெயிலில் அவ்வளவு பெரிய தளத்துக்கு வரமுடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

"உன் தகர டப்பாவ எங்கனா வெச்சிக்க. தண்ணி எவ்ளோ வேணா குடிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார்.

"டப்பா இல்ல மேஸ்திரி. கக்கூஸ்," என்றாள் கமலம். ஆனால் வேலையை ஒப்புக்கொண்டாள். பழைய மனிதர். கை விரித்துவிட அவளால் முடியவில்லை.

தளம் நாளன்று விடியும்போதே வேலை தொடங்கிவிட்டது. கீழே மெஷின் கலவை கலக்க, அதோடு இணைந்த லிஃப்ட் தொட்டியில் அது மேலே போனது. பாதித் தளம் நிரம்பியிருக்கும். படீரென்று ஒரு சத்தம். லிஃப்ட்டின் உருளை உடைந்து, தொட்டி பாதி உயரத்தில் சாய்ந்து தொங்கியது. யாருக்கும் அடியில்லை. நடேசன் போனும் கையுமாக ஓடினார். ஞாயிற்றுக்கிழமை. கடை அடைப்பு. ஆவடிப் பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறான், ஆனால் சாயங்காலத்துக்கு முன்னால் வரமாட்டான் என்றார்கள். மேலே போட்ட பாதி, வெயிலில் வேகமாக இறுகத் தொடங்கியிருந்தது. நடேசன் மணல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. எல்லாம் போச்சு. ஒட்டுப்போட்டுத்தான் ஆவணும்."

கமலம் படிக்கட்டைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். கைப்பிடி இன்னும் கட்டாத மூன்று மாடிப் படிகள். பிறகு தன் செட்டைப் பார்த்தாள். எல்லாரும் வேர்த்திருந்தார்கள், அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. காய்ந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"கை மாத்தி ஏத்திடலாம் மேஸ்திரி."

"மூணு மாடியா? இந்த வெயில்லயா? ஆவாது கமலம்."

"ஆவும். கம்பி கட்டறவங்க, பலகை அடிக்கிறவங்க எல்லாரையும் படியில நிக்கச் சொல்லு. ஜமீலா, நீ நடு மாடி வளைவுல நில்லு. அங்கதான் கை சிக்கும். வேம்புலி, நீ மேல."

வரிசை நின்றது. முதல் பாண்டு கீழிருந்து கிளம்பிக் கைக்குக் கை மாறி மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு சின்ன ஆரவாரம். அடுத்தது. அதற்கடுத்தது. சுவரில் பட்டுத் திரும்பிய வெயில் படிக்கட்டை அடுப்பாக்கியிருந்தது. எத்திராஜ் வரிசையின் ஓரமாகக் கேனோடு ஏறி இறங்கினார். ஒரு கட்டத்தில் நடேசனுக்குப் பொறுக்கவில்லை.

"கமலம், நேரம் போவுது. இந்தத் தண்ணி குடிக்கறத கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன். முடிச்சிட்டுக் குடிக்கட்டும்."

கமலம் கையிலிருந்த பாண்டை மேலே நீட்டிவிட்டுத் திரும்பினாள்.

"தண்ணி நின்னா கை நிக்கும் மேஸ்திரி. ஒரு பாண்டுகூட ஏறாது. நீயும் ஒரு டம்ளர் குடிச்சிட்டு இங்க வந்து நில்லு. ஒரு ஆளு கொறையுது."

நடேசன் அவளைப் பார்த்தார். எத்திராஜ் ஏற்கனவே டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். நடேசன் வாங்கிக் குடித்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, படியில் ஜமீலாவுக்குக் கீழே போய் நின்றார். கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. ஜமீலா சொன்னாள்: "மேஸ்திரி, தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும். இப்போ ஒரு வாய் குடிங்க." அவர் மறுபேச்சில்லாமல் குடித்தார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "அந்தக் கதவு ஆம்பளைக்கும் தெறக்குமா?" என்று கேட்டார். படி முழுக்கச் சிரிப்பு ஏறி இறங்கியது.

பெண்கள் முறை போட்டுக்கொண்டு தகர அறைக்குப் போய்வந்தார்கள். போனவள் இடத்தைப் பக்கத்திலிருந்தவள் இரண்டடி நகர்ந்து நிரப்பினாள். வரிசை ஒரு நிமிஷம்கூட அறுபடவில்லை. கூழ் வந்தது, எலுமிச்சை வந்தது. கம்பி கட்டும் ஆள் ஒருவருக்கு மட்டும் கால் முறுக்கிக்கொண்டது. உப்பு எலுமிச்சை கொடுத்து நிழலில் உட்காரவைத்து, காலை நீவிவிட்டார்கள். அவர் மறுபடி வேலைக்கு எழுந்தபோது கமலம் விடவில்லை. "நல்லா ஆவட்டும். அவசரம் இல்ல," என்றாள். அவசரம் இருந்தது; எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

கடைசிப் பாண்டு மேலே போனபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. மெக்கானிக் வந்து சேர்ந்ததும் அப்போதுதான். தொங்கும் தொட்டியையும், மேலே மட்டப்பலகை இழுத்துக்கொண்டிருந்த ஆட்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எப்டிங்க ஏறிச்சு?" என்றான்.

"கமலம் செட்டுப்பா," என்றார் நடேசன்.

கமலம் மேலே ஏறிப் போனாள். தளம் ஒரே சீராக, ஒட்டே தெரியாமல், ஈரமாக மின்னியது. ஓரத்தில் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே சந்தில் அவள் ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் விட்டுவிடாமல் மனசுக்குள் பெயர் பெயராக எண்ணிப் பார்த்தாள். எல்லாரும் தங்கள் காலில்தான் நின்றார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தளம் போட்டிருக்கிறாள். இறங்கி வீட்டுக்குப் போனதும் படுக்கையில் சுருண்டு விழத்தான் தோன்றும். அன்றைக்கு அவளுக்குப் பசித்தது. நடேசன் வாங்கிவைத்திருந்த பிரியாணியைச் சந்தில் வரிசையாக உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு கமலத்தைத் தேடிப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வேறு செட்டுகளில் வேலை செய்கிறவர்கள், சிலர் மண்ணூர்பேட்டையிலிருந்துகூட. வந்து நின்று சுற்றி வளைத்துப் பேசுவார்கள். கமலம் முதல் வார்த்தையிலேயே புரிந்துகொண்டு, "வாங்க, நாளைக்கே வாங்க," என்பாள். ஒரு செட்டுக்கு ஆள் அதிகமாகிவிட்டது. இரண்டாவது செட்டை ஜமீலா பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னபோது அந்தப் பெண் பயந்து பின்வாங்கினாள். வேம்புலியம்மாள்தான் முதுகில் ஒன்று வைத்து ஒப்புக்கொள்ளச் செய்தாள். நடேசன் தன் புது வேலைகளில் இப்போது அஸ்திவாரத்துக்கு முன்பே பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டிவிடுகிறார். ஒருநாள் கமலத்தை அழைத்துக்கொண்டுபோய்த் தாழ்ப்பாளைத் தள்ளிக் காட்டினார், அவ்வளவுதான்.

சின்ன மேஸ்திரிகளிடம் வேலைக்குப் போக ஜமீலா செட்டுக்கு இன்னொரு தகர அறை வேண்டியிருந்தது. எத்திராஜ் அதை முடித்துக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தி, நீலத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கமலம் வேலையிலிருந்து வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். காற்றுப் போக மேலே விட்ட இடைவெளி போதுமா என்று கையை விட்டுப் பார்த்தாள். போதும்.

"யோவ், வெள்ள பெயிண்ட் மீதி கீதா?"

"கீது. எதுக்கு?"

"கதவுல பேர் எழுது. கமலம் செட்டுன்னு. அதுக்குக் கீழ ஜமீலா பேரும். தெருவுல போறவங்களுக்குத் தெரியற மாதிரி நல்லா பெருசா எழுது."

எத்திராஜ் பிரஷ்ஷைத் தின்னரில் கழுவினார். கண்ணைச் சுருக்கிக் கதவின் அகலத்தை அளந்தார். பிறகு முதல் எழுத்தை, கதவின் பாதி உயரத்துக்கு, போட ஆரம்பித்தார்.